அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை, தங்கையுடன்

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு அடுப்பு காலை ஏழு மணிக்கே அணைந்துவிடும். இவருக்கும் பையனுக்கும் டப்பாவில் எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். அதே சாதம் எங்கள் இருவருக்கும் ஒரு தூக்கில். மாடியிலிருந்து தங்கை இறங்கி வரும்போதே கையில் ஃபைல், மருந்துச் சீட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் தயாராக இருக்கும். "அக்கா, குடை எடுத்துக்கிட்டியா?" என்று அவள்தான் கேட்பாள்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இவள் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே மூலையில் போய் ஒடுங்கிக்கொள்வாள் என்றால், எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் அம்மாள் நம்பமாட்டார்.

அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ் ஏறி, அண்ணா நகர் மேற்கில் டாக்டரைப் பார்த்துவிட்டு, திருவேற்காட்டில் அம்மனைக் கும்பிட்டு, பூந்தமல்லியில் பூ வாங்கிக்கொண்டு, ஆவடியில் தம்பி வீட்டில் இருக்கும் அம்மாவைப் பார்த்து, இருட்டியபின் வீடு. இதுதான் எங்கள் சுற்றுலா. ஊட்டி, கொடைக்கானல் போய்வந்து எழுதுகிற சகோதரிகள் சிரிக்க வேண்டாம். இந்த ஒரு நாளுக்காக நாங்கள் இரண்டு பேரும் மாதம் முழுக்கக் காத்திருக்கிறோம்.

2021-இலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மாதாமாதம் வைத்தியத்துக்கு அலைகிற வீட்டில் அந்தக் காசு எவ்வளவு பெரியது என்று அலைகிறவர்களுக்குத்தான் தெரியும். முன்பெல்லாம் "இந்த மாசம் நல்லாத்தானே இருக்கா, அடுத்த மாசம் போய்க்கலாம்" என்று தள்ளிப்போட்டதற்குப் பாதிக் காரணம் பஸ் சார்ஜ்தான்.

எஸ்டேட்டைத் தாண்டும்போது தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அங்கே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்குப் பிசிறு வெட்டுகிற வேலை அவளுக்கு, அரை நாள் மட்டும். "இன்னிக்கு லீவு சொல்லிட்டேன். சூப்பர்வைசர் ஒண்ணும் சொல்லலை" என்பாள் பெருமையாக. 1960களில் வந்த தொழிற்பேட்டை இது. எத்தனையோ கம்பெனிகள் மூடி, எத்தனையோ புதிதாக வந்துவிட்டன. எனக்கு இது என் தங்கை சம்பளம் வாங்குகிற இடம்.

நாங்கள் பிறந்து வளர்ந்தது ஆவடி. 1965-இல் விஜயந்தா டாங்கி செய்யத் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையில் அப்பாவுக்கு டர்னர் வேலை. குவார்ட்டர்ஸ் வாழ்க்கை. ஒரு வீட்டில் மீன் வறுத்தால் பத்து வீட்டுக்கு வாசம் போகும், சண்டை போட்டால் பத்து வீட்டுக்கும் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில்தான் 2008-இல், பி.காம். இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த என் தங்கை ஒருநாள் ஜன்னலுக்கெல்லாம் செய்தித்தாள் ஒட்ட ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டு டி.வி.யில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றாள். ராத்திரி தூக்கம் இல்லை. குளிப்பது நின்றது. யாரும் இல்லாத பக்கம் பார்த்துப் பதில் சொன்னாள்.

அம்மா முதலில் செய்தது வாசல் கதவைச் சாத்தியதுதான். அதற்கப்புறம் மந்திரிப்பு, தாயத்து, எலுமிச்சம்பழம். யாராவது கேட்டால் "பரீட்சைக்குப் படிக்கிறா" என்றோம். பள்ளிக்கூட நாளில் யாராவது அசட்டுத்தனமாகப் பேசினால் "கீழ்ப்பாக்கமா?" என்று கேலி செய்தவர்கள்தானே நாமெல்லாம். அந்த வார்த்தை நம் வீட்டு வாசலுக்கு வந்துவிடுமோ என்ற பயத்திலேயே ஒரு வருஷம் ஓடிப்போயிற்று. அந்த ஒரு வருஷம் அவளுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

2009-இல் ஒரு டாக்டரிடம் போனோம். மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரீனியா என்றார். மாத்திரை கொடுத்தார். இரண்டு மூன்று மாதத்தில் செய்தித்தாளை அவளே கிழித்துப்போட்டாள். அந்த சந்தோஷத்தில் நாங்கள் செய்ததை இங்கே ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

"கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்றாள் அம்மா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாத்திரை சாப்பிட்டால் பகலெல்லாம் தூங்கி வழிகிறாள், பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று, மாத்திரை அட்டைகளை எடுத்து அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். அம்மா இல்லை, நான். 2011 ஆவணியில் கல்யாணம். ஐம்பதாவது நாள் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. தங்கையையும் அவள் டிரங்குப் பெட்டியையும் இறக்கினார்கள். அந்த மாமியார் என்னைப் பார்த்து, "ஏமாத்திட்டீங்களேம்மா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் சொன்னது நிஜம்தான். அந்தப் பையனும் பாவம்தான்.

பஸ் முகப்பேருக்குள் நுழையும்போது நான் எப்போதும் ஒரு பக்கம் எட்டிப் பார்ப்பேன். 'தி பானியன்' அமைப்பின் 'அடைக்கலம்' அங்கேதான். 1993-இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரண்டு இளம்பெண்கள், தெருவில் மனநிலை குழம்பித் திரிந்த ஒரு பெண்ணைக் கண்டு, கொண்டுபோய்ச் சேர்க்க இடம் கிடைக்காமல் அலைந்து, கடைசியில் தாங்களே தொடங்கியது. வீடில்லாமல் அலையும் மனநோயாளிப் பெண்களுக்கான இடம். குணமான பின்பும் வீட்டார் ஏற்காதவர்களை, சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்து நாலைந்து பேராகக் குடிவைக்கும் திட்டமும் அவர்கள் நடத்துவது. அந்தப் பக்கம் வரும்போதெல்லாம், அன்று ஆட்டோ எங்கள் வாசலில் நிற்காமல் வேறு எங்காவது இறக்கிவிட்டிருந்தால் என்று மனசு ஓடும். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருப்பாள்.

அண்ணா நகர் மேற்கு விரிவில்தான் 'ஸ்கார்ஃப்' இருக்கிறது. மனச்சிதைவு நோய்க்கென்றே டாக்டர் சாரதா மேனனும் மற்றவர்களும் 1984-இல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அவரைச் சொல்வார்கள். நாம் கேலியாகச் சொல்கிறோமே அந்தக் கீழ்ப்பாக்கம், 1794-இல் ஒரு சிறு விடுதியாக வேறிடத்தில் தொடங்கி 1871-இல் இப்போதைய இடத்துக்கு வந்த ஆஸ்பத்திரி, அதற்கு 1961-இலிருந்து 1978 வரை தலைமை வகித்தவர் அவர். ஓய்வு பெற்றவுடன் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டு உட்காரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தவர்கள் வீட்டில் எப்படி வாழ்கிறார்கள் என்ற கவலையோடு இதை ஆரம்பித்தார். 1992-இல் பத்மபூஷண். 2021 டிசம்பரில், 98 வயதில் காலமானார்.

அங்கே டாக்டர் தாராவும் சக ஆய்வாளர்களும் 2003-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்த நோயினால் கணவன் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பெண்களைப் பற்றியது. பெரும்பாலோருக்குச் சட்டப்படி விவாகரத்து என்று ஒன்று நடக்கவே இல்லை. வயதான பெற்றோர்தான் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்றைக்காவது கூப்பிட்டுக்கொள்வார் என்று தாலியைக் கழற்றாமல் இருந்தவர்களும் உண்டு. அதைக் கேள்விப்பட்ட அன்று நான் தங்கையின் கழுத்தைப் பார்த்தேன். ஆறு வருஷம் போட்டிருந்தாள். ஒருநாள் அவளாகவே கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள். நாங்கள் யாரும் ஒன்றும் பேசவில்லை.

எனக்கு வைத்தியம் நடந்தது டாக்டர் அறையில் அல்ல, வெளியே பெஞ்சில். வீட்டாரோடு பேசுவதற்கென்று இருந்த ஓர் அம்மாள் என்னைக் கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவங்ககிட்ட 'ஏன்'னு கேக்கறீங்க? எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். ஏன் இன்னும் எழுந்திருக்கலை, ஏன் தலை வாரலை, ஏன் சும்மா உட்கார்ந்திருக்கே, ஏன் சிரிக்கிறே. மத்தியானச் சாப்பாட்டுக்குள் முப்பத்தேழு.

அப்புறம்தான் தெரிந்தது, இதற்கென்றே பெரிய ஆராய்ச்சி இருக்கிறது. லண்டனில் ஜார்ஜ் பிரௌன் என்பவர் 1950களில், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தார். தனியாக வாடகை அறையில் தங்கினவர்களைவிட, பெற்றோர் வீட்டுக்கோ மனைவியிடமோ போனவர்களில் பலர் மறுபடி நோய் முற்றி வந்தார்களாம். அடேயப்பா, பெற்ற தாய் பார்ப்பதைவிட வாடகை அறை மேலா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. காரணத்தை ஆராய்ந்தபோது, ஓயாமல் குற்றம் சொல்வதும், மூச்சுவிட இடமில்லாமல் அளவுக்கு மீறிக் கரிசனம் காட்டுவதும்தான் என்று தெரிந்ததாம். நோய் வருவதற்குக் குடும்பம் காரணம் என்று இதற்கு அர்த்தமில்லை. வந்த நோய் அடங்கி இருப்பதற்கு வீட்டில் சத்தம் குறைய வேண்டும், அவ்வளவுதான்.

முப்பத்தேழை ஐந்துக்குக் கொண்டுவர எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்வேன். "கீரை ஆய்ஞ்சு குடு." முடித்தபின் அடுத்தது. குரல் கேட்கிறது என்றால் "அதெல்லாம் பொய்" என்று சண்டைக்குப் போகமாட்டேன், "ஆமாம்" என்று தலையாட்டவும் மாட்டேன். "எனக்குக் கேக்கலைடி. உனக்குக் கேக்குதுன்னு தெரியுது. பயமா இருக்கா?" என்பேன். ராத்திரிச் சாப்பாடு ஆனதும் மாத்திரை, ஏழு நாளைக்கு ஏழு அறை வைத்த டப்பாவில். சில மாத்திரைகளால் உடம்பு போடும், மாதவிலக்கு தள்ளிப்போகும், கை நடுங்கும். அதையெல்லாம் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார். நாமாக நிறுத்தினால் அரிசி டிரம் கதைதான். எடையும் சர்க்கரையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். அவளுக்கு நோய் தலைதூக்கும் முன் ஓர் அடையாளம் உண்டு: பொட்டு வைத்துக்கொள்வதை நிறுத்திவிடுவாள், தூக்கம் குறையும். அந்த இரண்டையும் கண்டால் அடுத்த வெள்ளிக்கிழமைக்குக் காத்திருப்பதில்லை.

மறுபடி விழுந்தாள், இரண்டு தடவை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சென்னையில் 1981-இல் தொடங்கி 90 நோயாளிகளை வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், பத்து வருஷத்துக்குப் பிறகு பெரும்பாலோர் தேறி நடமாடிக்கொண்டிருந்தார்கள் என்று கண்டிருக்கிறார்கள். விழுந்த நாட்களில் அதை நினைத்துக்கொள்வேன்.

போன ஆடி வெள்ளியன்று டாக்டரைப் பார்த்து முடிக்கும்போது பதினொன்று ஆகிவிட்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலை பஸ்ஸில் வேலப்பன்சாவடியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் திருவேற்காடு. வேல மரங்கள் அடர்ந்த காடாக இருந்த ஊராம். இப்போது அடுக்குமாடிக் காடு. கருமாரியம்மனுக்கு ஆடிக் கூட்டம் கேட்க வேண்டுமா? வேப்பிலை, கூழ், மஞ்சள் புடவை, தள்ளுமுள்ளு. பக்கத்திலேயே பாடல் பெற்ற தலமான வேதபுரீசுவரர் கோவில் அமைதியாக இருக்கும், அங்கே போய்த்தான் தூக்கைத் திறப்போம். அறுபத்துமூவரில் மூர்க்க நாயனார் இந்த ஊர்க்காரர். சூதாடியாவது அடியாருக்குச் சோறு போட்டவர், ஏமாற்றுகிறவனைக் கண்டால் கத்தியை உருவிவிடுவாராம். அந்தக் காலத்து ஊர் அவரையும் வைத்துக்கொண்டது பாருங்கள் என்று நான் தங்கையிடம் சொல்வதுண்டு.

மனசு சரியில்லாதவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களை இங்கே எப்போதும் காணலாம். எங்கள் அம்மாவும் வந்தவள்தான். கோவிலுக்குப் போவதை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு கோவிலில் தங்கியிருந்த 31 பேரை மனநல டாக்டர்களே போய்ப் பார்த்து, சில வாரங்களில் நோயின் வேகம் ஓரளவு தணிந்திருந்தது என்று 2002-இல் எழுதியிருக்கிறார்கள். யாரும் விரட்டாத, அதட்டாத இடம் என்பதால் இருக்கலாம். ஆனால் அதற்கு முந்தின வருஷம்தான், 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்துப்போனார்கள். 2017-ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளி யாரையும் சங்கிலியில் கட்டக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது.

பிராகாரத்தில் அன்று ஒரு பாட்டி, கையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மகள், இருபத்திரண்டு வயது இருக்கும், தூணையே பார்த்துக்கொண்டு முணுமுணுத்தாள். பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. குழந்தை வீறிட்டு அழுதும் திரும்பவில்லை.

"பிள்ளை பெத்து பதினாலு நாளாகுதும்மா. அஞ்சு ராத்திரியா பொட்டுத் தூக்கம் இல்ல. இது என் குழந்தையே இல்லை, மாத்திட்டாங்கங்கறா. தீட்டுன்னுகூடப் பார்க்காம கூட்டியாந்துட்டேன். மூணு வாரம் வரச் சொல்லியிருக்காங்க" என்றார்.

எனக்கு நெஞ்சு படபடத்தது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வாரத்திலேயே இப்படி வருவதுண்டு. சாதாரணப் பிரசவ அலுப்போ அழுகையோ இல்லை இது. நாள் கணக்கில் தூக்கமில்லாமை, சந்தேகம், குழந்தையைப் பற்றி விபரீதப் பேச்சு என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தாயையும் சேயையும் ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக்கூடாது. சிகிச்சை எடுத்தால் நன்றாகத் தேறக்கூடிய நோய். பெங்களூர் நிம்ஹான்ஸில் 2009-இலிருந்து தாயையும் குழந்தையையும் சேர்த்தே வைத்து வைத்தியம் செய்ய ஒரு பிரிவே இருக்கிறது. பால் கொடுக்கலாமா என்பதை மருந்தைப் பார்த்து டாக்டர் சொல்வார்.

இதையெல்லாம் நான் கடகடவென்று சொல்லச் சொல்ல, பாட்டி பயந்து குழந்தையை இறுக்கிக்கொண்டார். "பைத்தியம்னு சொல்றியா என் பொண்ண?"

அப்போதுதான் தங்கை கீழே உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணுக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி. "எனக்கும் இப்படித்தான் கேட்டுச்சு. டி.வி.யில் என் பேரைச் சொல்லுவாங்க. ராத்திரியெல்லாம் தூங்க விடமாட்டாங்க. உனக்கும் பயமா இருக்கா?" என்றாள்.

அந்தப் பெண் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

தங்கை பாட்டியைப் பார்த்து, "நான் மாத்திரை சாப்பிடறேம்மா. வேலைக்குப் போறேன். இன்னிக்கு அம்மனுக்கு விளக்கு ஏத்த வந்திருக்கேன். நீங்களும் ஏத்திட்டு வாங்க, ஒண்ணாப் போலாம்" என்றாள்.

பதினைந்து வருஷமாக நாங்கள் யாரிடமும் சொல்லாமல் மறைத்ததை, ஆடிவெள்ளிக் கூட்டத்தின் நடுவே அவள் சொன்னாள். நான் என்னையறியாமல் யாராவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று சுற்றும்முற்றும் பார்த்தேன். அந்தப் புத்தி எனக்கு இன்னும் போகவில்லை.

தூணுக்கு அந்தப் பக்கம் போய் 14416-க்குப் போன் செய்தேன். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் வந்த இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசுகிறார்கள். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். விளக்கேற்றிவிட்டு, ஐந்து பேரும் குழந்தையுமாக ஒரே ஆட்டோவில் பூந்தமல்லி. 'ஐந்து பேர்' என்றது டிரைவரையும் சேர்த்துத்தான்! பூந்தமல்லி என்றால் எங்களுக்குத் திருக்கச்சி நம்பிகள் ஊர், காஞ்சி வரதருக்கு இங்கிருந்து பூ எடுத்துப் போனவர். அன்று கோவில் பக்கமே திரும்பவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் பார்த்து, மனநல டாக்டர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்கள். அந்தப் பெண்ணின் கணவர் வேலை செய்த இடத்திலிருந்து ஓடிவந்தார். ஆம்புலன்ஸில் ஏறும்போது பாட்டி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் நம்பரைக் குடு கண்ணு" என்றார். என் நம்பரைக் கேட்கவில்லை.

கரையான்சாவடியில் ஆவடி பஸ். காடுவெட்டி தாண்டி, பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் வரும்போது இருட்டிவிட்டது. எலுமிச்சை சாதம் தூக்கிலேயே இருந்தது. பஸ்ஸிலேயே ஆளுக்கு நாலு வாய் சாப்பிட்டோம்.

"ஏன்டி இவ்ளோ நேரம்? பூ எங்கே?" என்றாள் அம்மா.

"வாங்கலைம்மா" என்று தங்கை செருப்பைக் கழற்றினாள். கதையை அவளே சொன்னாள், முதலிலிருந்து கடைசிவரை. அம்மா பாதியில் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தப் போனாள். போனவள் என்ன நினைத்தாளோ, திறந்தபடியே விட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கையின் போன் அடித்தது. அந்தப் பெண் ராத்திரி ஆறு மணி நேரம் தூங்கினாளாம். குழந்தையைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளவில்லை, ஆனால் காலைத் தொட்டுப் பார்த்தாளாம். "இன்னும் நாளாகுமாம்க்கா" என்று சொல்லிவிட்டு, தங்கை மாடிக்குத் துணி உலர்த்தப் போனாள்.